நைட் ஃபிளையிங்குக்கு அப்பாவைக் கூட்டிப்போவது எப்படி

அமெரிக்காவில் விமானம் ஓட்டப் படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் கேட்பது இது: "அக்கா, அப்பா பார்க்க வர்றாரு. நைட் ஃபிளையிங் போகும்போது பின்சீட்டுல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போகலாமா?"

போகலாம். நான் கூட்டிப்போனேன். திருமங்கலத்தில் இருக்கும் என் அப்பாவை, டெக்சாஸில் ஒரு சின்ன விமான நிலையத்தில், செஸ்னா 172 என்ற நாலு சீட்டுச் சின்ன விமானத்தின் பின்சீட்டில் ஏற்றினேன். முப்பத்தைந்து நிமிடப் பயணம். அதற்கு மூன்று மாதம் தயார் செய்தோம். பாதி வேலை, அண்ணன் கல்யாணத்துக்காக நான் ஊருக்கு வந்திருந்த மூன்று வாரத்தில் மதுரையிலேயே முடிந்தது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மாணவர் லைசென்ஸில் இருப்பவர் தானே விமானிப் பொறுப்பேற்று யாரையும் ஏற்றிக்கொள்ள முடியாது. இது நம் நாட்டிலும் அப்படித்தான், அமெரிக்காவிலும் அப்படித்தான். ஆனால் அங்கே இன்ஸ்ட்ரக்டர் வலது சீட்டில் உட்கார்ந்து அவர் பொறுப்பில் பறக்கும்போது, பின்னால் ஒருவர் உட்கார்ந்து பார்க்கச் சட்டத்தில் தடை இல்லை. பயிற்சிப் பள்ளியும் அதன் காப்பீடும் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்ஸ்ட்ரக்டரிடம் தனியாக, அப்பா பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். அவருக்கு "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். பெரியவரை எதிரில் வைத்துக்கொண்டு யாராலும் அதைச் சொல்ல முடியாது.

பிரைவேட் லைசென்ஸ் வாங்கிய பிறகு இன்ஸ்ட்ரக்டர் இல்லாமலே கூட்டிப்போகலாம். ஆனால் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின், உதயத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் என்ற அந்த இடைவெளியில், கடந்த 90 நாளுக்குள் மூன்று முறை ஏறி, இறங்கி, முழுதாக நிறுத்தியிருக்க வேண்டும். ஊருக்கு வந்து இங்கே கூட்டிப்போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பிறகு கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி பறக்கப் பொதுவாக அனுமதி இல்லை. நிலையத்தைச் சுற்றிய பயிற்சி போன்றவற்றுக்குத் தனி அனுமதி தருவார்கள். அதனால் நான் சொல்வதெல்லாம் அங்கே நடப்பது.

எந்த ராத்திரி என்பது அடுத்தது. முதல் நைட் ஃபிளையிங் கண்டிப்பாக வேண்டாம். லைசென்ஸுக்கு மூன்று மணி நேர இரவுப் பயிற்சி, பத்து முறை ஏறி இறங்குவது, மொத்தம் 100 கடல்மைலுக்கு மேற்பட்ட ஒரு வெளியூர்ப் பயணம் எல்லாம் வேண்டும். வெளியூர்ப் பயணத்தையும் ஏழு இறங்கல்களையும் முடித்துவிட்டு, மீதி மூன்றை அப்பாவுக்காக வைத்திருந்தேன். அந்த ஏழில் முதல் இரண்டு எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும். பகலில் தரை உங்களை நோக்கி வருவது கண்ணுக்குத் தெரியும். ராத்திரியில் விளக்கு மட்டும்தான் தெரியும், தரை தெரியாது. நான் ஒரு ஆள் உயரத்தில் இருப்பதாக நினைத்தபோது சக்கரம் தரையில் பட்டுவிட்டது. அந்தத் தட்டு அப்பா முதுகுக்கு வேண்டாம்.

மாதம் பார்த்து வரச் சொல்லுங்கள். ஜூனில் அங்கே இருட்டவே எட்டரை ஒன்பது ஆகிவிடும். நவம்பர், டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும், ஏழு மணிக்குப் பறந்து எட்டு மணிக்கு வீட்டில் சாப்பிட உட்காரலாம். இறங்கிய முதல் வாரம் விட்டுவிடுங்கள். டெக்சாஸின் ராத்திரி ஏழு மணி குளிர்காலத்தில் நமக்குக் காலை ஆறரை. உடம்புக்குப் பகல் எது ராத்திரி எது என்று பிடிபடப் பத்து நாளாவது வேண்டும்.

எந்த நாள் என்று அப்பாதான் குறித்தார், தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்த்து. வளர்பிறை தசமியிலிருந்து பௌர்ணமிக்குள் என்றால் இருட்டும்போதே நிலா மேலே இருக்கும். நிலா இருந்தால் வானம் எங்கே முடிகிறது, பூமி எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு கோடு தெரியும். அமாவாசையை ஒட்டிப் போனால் காட்டுக்குள் இருக்கும் நாலு வீட்டு விளக்கும் நட்சத்திரமும் ஒன்றாகக் கலந்துவிடும், பழகாதவர்களுக்குத் தலை சுற்றும்.

சரி, எடை. ஆள் சொல்லும் எடையை நம்பவே நம்பாதீர்கள். அப்பா "எழுபது இருப்பேன்" என்றார். எங்கள் தெருமுனை அரிசிக்கடையில் மூட்டை போடும் தராசில் பேன்ட், சட்டை, ஷூவோடு ஏறி நிற்கச் சொன்னேன். 78. அதாவது 172 பவுண்ட். நான் ஓட்டிய விமானம் காலியாக 1,690 பவுண்ட், அதிகபட்சம் 2,550. மீதி 860. நான் 128, இன்ஸ்ட்ரக்டர் 190, அப்பா 172, பை 10, ஆகமொத்தம் 500. மிச்சம் இருக்கும் 360 பவுண்டில், பயன்படுத்தக்கூடிய 53 கேலன் எரிபொருளும் அடங்கிவிட்டது. கேலனுக்கு ஆறு பவுண்ட் என்று வைத்தால் 318தான். அம்மாவும் வந்திருந்தால் 36 கேலனோடு நிறுத்தியிருக்க வேண்டும். பழைய 172 சிலவற்றுக்கு அதிகபட்ச எடையே 2,300தான், அதில் கணக்கு வேறு. ராத்திரிக்குச் சட்டம் கேட்பது 45 நிமிட உபரி எரிபொருள். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொண்டேன். பின்சீட்டில் ஆள் ஏறினால் பாரம் வால் பக்கம் நகரும், கையில் பிடி வேறு மாதிரி இருக்கும். அதனால் முந்தின வாரம் பகலில் ஒரு தடவை, இன்ஸ்ட்ரக்டரோடுதான், அப்பாவை ஏற்றி நாலு சுற்றுப் போனேன். அவருக்கும் பழக்கம், எனக்கும் பழக்கம்.

இப்போது அப்பாவைத் தயார் செய்த கதைக்கு வருகிறேன். அவர் முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர், அதில் பாதிக்கு மேல் மதுரை–சென்னை ராத்திரி வண்டி. எனக்குப் புத்தகத்தில் சொல்லித்தந்ததில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டு மேலூரிலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒத்தக்கடைக்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தி, "அப்பா, யானைமலை எங்க இருக்கு சொல்லுங்க" என்றேன். அன்றைக்கு நிலா இல்லை. மலை தெரியவில்லை. அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வீட்டு விளக்குகள் வரிசையாக வந்து சட்டென்று அறுந்து நிற்கும் இடத்தைக் கையால் வளைத்துக் காட்டினார். "அந்தா, வெளிச்சம் எங்க இல்லையோ அதுதான் மலை" என்றார். மேலே போனாலும் அதேதான். விளக்கில்லாத பெரிய கறுப்பு என்றால் அது ஏரியாக இருக்கும், காடாக இருக்கும், சில ஊர்களில் மலையாக இருக்கும். உங்கள் வீட்டு ஆளை இந்த மாதிரி ஓரிடத்தில் நிறுத்தி இருட்டைப் பார்க்கப் பழக்குங்கள். முதல் தடவை மேலே போய் ஜன்னலில் வெறும் கறுப்பைப் பார்த்தால் மனசு பதறும். அது என்ன கறுப்பு என்று தெரிந்தால் பதறாது.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு தடவை செல்போனைத் திறந்தால் போச்சு, திரும்ப முதலிலிருந்து. அதனால் அரை மணிக்கு முன்பே போனை அணைத்துப் பையில் போடச் சொல்லுங்கள். கையில் ஒரு சிவப்பு வெளிச்ச டார்ச் கொடுங்கள். மங்கலான ஒன்றை இருட்டில் நேராகப் பார்த்தால் மறையும், கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தால் தெரியும். இதை நான் விளக்க ஆரம்பித்ததும், "எதிர்ல வர்றவன் டிம் அடிக்கலேன்னா ரோட்டு இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டணும், அப்பத்தான் கண்ணு போகாது. அந்த மாதிரிதான?" என்றார். காரணம் கொஞ்சம் வேறு, பழக்கம் அதேதான்.

உடுப்பு விஷயத்தில் அப்பாவோடு சின்ன இழுபறி. அவர் வேட்டிக்காரர். செஸ்னாவில் பின்சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. முன்சீட்டை மடக்கி, படியில் கால் வைத்து, குனிந்து நுழைய வேண்டும். வேட்டி கால்படியில் மாட்டும். பேன்ட்டும் காலோடு நிற்கும் ஷூவும் போதும். சேலை கட்டும் அம்மாவாக இருந்தால் சுடிதாருக்குச் சம்மதிக்க வையுங்கள். அவசரமென்றால் பின்னால் இருப்பவரும் முன்கதவு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால் பகலில், என்ஜின் அணைந்திருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றி, முன்சீட்டைத் தள்ளி, கதவுப் பிடியைத் தடவிக் கண்டுபிடித்துத் திறந்து வெளியே வரச் சொன்னேன். மூன்று தடவை. மூன்றாவது தடவை எனக்கு முன்னால் இறங்கிவிட்டார்.

எல்லாவற்றையும்விட நான் பயந்தது புரொப்பெல்லருக்குத்தான். சுற்றும் புரொப்பெல்லர் பகலிலேயே சரியாகத் தெரியாது, ராத்திரியில் அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். என்ஜின் ஓடும்போது ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது, "ரெண்டு நிமிஷம்தான" என்று யார் சொன்னாலும் சரி. இறக்கைக்குப் பின்பக்கமாகவே வந்து, பின்பக்கமாகவே போக வேண்டும். போட்டோ எடுக்க மூக்குப் பக்கம் போகக் கூடாது. நான் அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து விமானம் வரை நடந்தேன், திரும்பவும் அப்படியே. அவருக்குப் புரியாது என்பதால் இல்லை. இறங்கிய சந்தோஷத்தில் யாருக்கும் எதுவும் மறந்துபோகும்.

சாப்பாடு இரண்டு இட்லி போதும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் வெறும் வயிறும் கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த இஞ்சி மரப்பா நாலைந்து சட்டைப்பையில், வாந்திக்குப் பை ஒன்று கைக்கெட்டும் இடத்தில். சளி பிடித்துக் காது அடைத்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஏறுவதற்கு முன் கழிப்பறை. குளிருக்கு ஹீட்டர் போட வேண்டி வரும், புகை வாடை வந்தால் உடனே நிறுத்திக் காற்றுத் துவாரத்தைத் திறக்க வேண்டும் என்று அவருக்கும் சொல்லிவைத்தேன்.

பயமுறுத்துவது பெரும்பாலும் சத்தம்தான். அதனால் எந்த நேரம் எந்தச் சத்தம் வரும் என்று வரிசையாகச் சொல்லிவிடுங்கள். இறங்கத் தொடங்கும்போது என்ஜினைக் குறைப்போம், பின்னால் இருப்பவருக்கு என்ஜின் நின்றுவிட்ட மாதிரியே இருக்கும். தரையைத் தொடும் சமயம் ஒரு ஊதல் கேட்கும். அது இறக்கை தாங்கும் வேகம் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை, தரைக்கு ஒரு அடி மேலே அது வருவது சரிதான். எங்கள் விமானத்தில் அது உண்மையிலேயே காற்று இழுக்கும் ஒரு நாக்கு. நாதஸ்வரக்காரர் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாரே, அந்தக் கத்தல். அப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன். பேச்சுக்கு ஒரு விதி: தரையிலிருந்து ஆயிரம் அடிக்குள் யாரும் பேசக் கூடாது, நான் கையைத் தூக்கினாலும் பேசக் கூடாது. இதற்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து வாழ்ந்தவர்.

பின்சீட்டில் உட்காருபவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சும்மா உட்கார்ந்தால் பயம் வந்து பக்கத்தில் உட்காரும். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. நமக்கு எதிரே சிவப்பு வலப்பக்கமும் பச்சை இடப்பக்கமுமாகச் சேர்ந்து தெரிந்தால் அது நம்மைப் பார்த்து வருகிறது. திசையைக் கடிகார மணியாகச் சொல்ல வேண்டும். அப்பா இதை மொட்டைமாடியில் ஊறுகாய் பாட்டிலையும் இரண்டு துணிக் கிளிப்பையும் வைத்துப் பழகினார்.

இதையெல்லாம் செய்தும் முதல் முயற்சி நடக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றில் இருக்கும் ஈரம் பனியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) இரண்டு டிகிரி வித்தியாசத்துக்கு வந்துவிட்டன, காற்றும் நின்றுவிட்டது. அப்படியென்றால் மூடுபனி எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். பகலில் பனி வருவது தெரியும், ராத்திரியில் தெரு விளக்கைச் சுற்றி வளையம் விழும்போதுதான் தெரியும், அதற்குள் தாமதமாகியிருக்கும். எனக்கு வேண்டாம் என்று தெரியும். இருந்தும் வாய் வரவில்லை. அப்பா ஷூ மாட்டி, தலை சீவி, விபூதி வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். அம்மா வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் செய்துவிட்டார். "அரை மணி நேரம்தானே" என்று என் மனம் பேரம் பேச ஆரம்பித்தது.

அந்தப் பேரம்தான் ஆபத்து. பிரியமானவர் பின்னால் உட்கார்ந்தால் விமானம் ஓட்டுவது கஷ்டமாகாது, திரும்பிப் போகலாம் என்று சொல்வதுதான் கஷ்டமாகும். நான் தயங்குவதைப் பார்த்து அப்பா, "என்ன தாயி, பனியா?" என்றார். ஆமாம் என்றேன். "மார்கழியில திண்டிவனத்துக்கிட்ட ஒரு நா, முன்னால போற லாரியோட சிவப்பு விளக்கு கூடத் தெரியல. ஓரங்கட்டிட்டேன். ஐம்பது பேரும் திட்டுனாங்க. விடிஞ்சதும் அவங்களே டீ வாங்கிக் குடுத்தாங்க" என்று சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றினார்.

அன்றைக்கு இரவே மூவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மூவரில் யார் "ஓரங்கட்டு" என்று சொன்னாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்ப வேண்டும். கிளம்புவதற்கு முன்னாலும் சரி, மேலே போன பின்னாலும் சரி. இன்ஸ்ட்ரக்டருக்கு அந்தச் சொல்லை நாக்கில் ஏற்றக் கொஞ்சம் நேரம் பிடித்தது, ஆனால் சரியாகவே சொன்னார். நீங்களும் உங்கள் வீட்டுச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். "பயமா இருக்கு" என்று நம் அப்பாக்கள் சொல்லமாட்டார்கள். ஒரு குறிச்சொல் என்றால் சொல்லிவிடுவார்கள்.

நாலு நாள் கழித்துப் போனோம். அப்பாவை இன்ஸ்ட்ரக்டருக்குப் பின்னால் உட்கார வைத்தேன், என் கை செய்வது அவருக்குத் தெரியும். வழியில் பயிற்சி எதுவும் செய்யவில்லை. என்ஜின் நின்றதாகப் பாவிப்பது, வேகத்தை இழந்து மீள்வது போன்றவற்றை வேறு நாளுக்கு வையுங்கள். நகரத்தின் ஓரம் வரை போய், பருத்திக்காடுகளுக்கு மேலே வளைந்து திரும்பினோம். "பருத்தியா இது? நம்ம கரிசக்காடு மாதிரி கெடக்கே" என்று மட்டும் சொன்னார். அப்புறம் "ரெண்டு மணிப் பக்கம், பச்சை" என்றார். நானும் இன்ஸ்ட்ரக்டரும் அந்த விமானத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தோம்.

அந்த நிலையத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. ரன்வே விளக்குகளை விமானிதான் ஏற்ற வேண்டும். ரேடியோ அலைவரிசையில் மைக் பொத்தானை ஐந்து நொடிக்குள் ஏழு தடவை அழுத்தினால் முழு வெளிச்சம் வரும், பதினைந்து நிமிடம் எரியும். இதை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. "அப்பா, நேரா பாருங்க" என்று சொல்லிவிட்டு டக் டக்கென்று ஏழு தடவை அழுத்தினேன். வெறும் கறுப்பில் இரண்டு வெள்ளை வரிசை பளிச்சென்று எழுந்தது, முன்னால் பச்சைக் கோடு, பக்கவாட்டில் நீலப் புள்ளிகள். ஹெட்செட்டில் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ஆயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டதால் ஒன்றும் பேசவில்லை.

ரன்வேக்கு இடப்பக்கம் வரிசையாக நாலு விளக்கு இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் இறங்கும் சரிவு சரி. நாலும் வெள்ளை என்றால் ரொம்ப உயரம், நாலும் சிவப்பு என்றால் ரொம்பத் தாழ்வு. அவர் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். சீவாளி கத்தியது, சக்கரம் பட்டது. முழுதாக நிறுத்தி, திரும்பி வந்து, இன்னும் இரண்டு தடவை. என்ஜினை அணைத்து, புரொப்பெல்லர் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு கதவைத் திறந்தேன், கையைப் பிடித்து வால் பக்கமாகக் கூட்டிவந்தேன்.

இந்த முறை ஊருக்கு வந்தபோது ஒரு ராத்திரி மதுரை விமான நிலையத்தைத் தாண்டி, பெருங்குடிப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் நாலு விளக்கு. கையை நெற்றியில் வைத்து எண்ணினார்.

"நாலும் சிவப்பா இருக்கே தாயி."

"தரையில நிக்கிறோம்ல அப்பா."

"அதான பார்த்தேன்" என்றார். அடுத்த விமானம் வரும்வரை அங்கேயே நின்றோம்.